செலவுத் தொகையுடன்

தீர்ப்பு வாசிக்கும் நாளில் கட்சிக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது ஒரே ஒரு செய்திக்காகத்தான்: வழக்கு டிக்கிரியா, தள்ளுபடியா. அது தெரிந்த உடனே ஒரு தரப்பு வாசலுக்கு விரையும், மறு தரப்பு வக்கீலின் முகத்தைப் பார்க்கும். அதன்பிறகு நீதிபதி தணிந்த குரலில் செலவுத் தொகை உண்டா இல்லையா என்று சொல்வது யார் காதிலும் ஏறாது. வக்கீல்களிலேயே பலர் அதற்குள் கேஸ் கட்டைக் கையில் எடுத்திருப்பார்கள்.

1980களின் கடைசியில், காவிரி டெல்டாவில் ஒரு சிறிய ஊரின் முன்சீப் கோர்ட்டில் நான் ஜூனியராகச் சேர்ந்தேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவைக் கல்லூரியில் படித்திருந்தேன். தோற்றவர் ஜெயித்தவரின் செலவைக் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. வேண்டாம் என்று கோர்ட் நினைத்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். நான் பார்த்த கோர்ட்டிலோ விதிவிலக்கே விதியாக நடந்துகொண்டிருந்தது. ‘இரு தரப்பினரும் நெருங்கிய உறவினர்கள் என்பதால் செலவுத் தொகை இல்லை’ என்று தீர்ப்புக்குத் தீர்ப்பு எழுதியிருக்கும். கிராமத்தில் யார் யார்மீது வழக்குப் போடுகிறார்கள்? அண்ணன் தம்பிமீது, பங்காளி பங்காளிமீது, மச்சான் மாமன்மீது. உறவுதான் காரணம் என்றால் யாருக்குமே செலவுத் தொகை கிடைக்காது.

கிடைத்த டிக்கிரியிலும் அது கடைசியில் ஒரு சின்ன அட்டவணையாக ஒதுங்கியிருக்கும். வாதிக்கு ஒரு பத்தி, பிரதிவாதிக்கு ஒரு பத்தி. பிராதுக்கு ஒட்டிய ஸ்டாம்ப், வக்காலத்து ஸ்டாம்ப், சம்மன் பேட்டா, சாட்சிப் படி, கமிஷனர் பீஸ், வக்கீல் பீஸ். அந்த வக்கீல் பீஸ் கட்சிக்காரர் நிஜமாகக் கொடுத்த தொகை அல்ல, வழக்கின் மதிப்பைப் பார்த்து விதிகள் நிர்ணயித்த தொகை. அதுவும் வக்கீல் பீஸ் சர்டிபிகேட் தாக்கல் செய்திருந்தால்தான் கணக்கில் ஏறும். வாய்தாவுக்கு வாய்தா கொடுத்த பஸ் சார்ஜ், கோர்ட்டுக்கு வந்ததால் போன ஒரு நாள் நடவு, சாட்சிக்கு வாங்கிக் கொடுத்த சாப்பாடு ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. பத்து வருஷம் வழக்காடி ஜெயித்தவருக்கு அந்த அட்டவணையின் கூட்டுத்தொகையைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். சிரித்துவிட்டு, ஜெயித்ததே போதும் என்று போய்விடுவார்.

அப்படிப் போகாத ஒருவரை 1992-இல் பார்த்தேன். அறுபது வயதை ஒட்டிய அம்மாள். நான் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். மஞ்சள் பையிலிருந்து மூன்று டிக்கிரி நகல்களை எடுத்து சீனியரின் மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றும் அவர் பிரதிவாதியாக இருந்து ஜெயித்த வழக்குகள். போட்டவர் ஒரே ஆள், அவருடைய மூத்தாரின் மகன், அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. பெரியம்மாவின் அப்பா அவர் பேருக்கு வாங்கிக் கொடுத்த நிலம் அந்தப் பையனின் வயலுக்குப் பக்கத்தில் இருந்தது. கிணற்றில் பங்கு உண்டு என்று ஒரு வழக்கு. அது போனதும் வரப்பில் பாதை உரிமை கேட்டு இன்னொன்று. அதுவும் போனதும் எல்லை தப்பு என்று மூன்றாவது. 1981, 1986, 1991 என்று மூன்றும் செலவுத் தொகையுடன் தள்ளுபடி. மூன்று அட்டவணைகளையும் கூட்டினால் 1,184 ரூபாய்.

“ஜெயிச்சாச்சு பெரியம்மா. இந்த ஆயிரம் ரூபாய்க்கு ஈ.பி. போட்டா அலைச்சலே அதுக்கு மேல ஆயிடும். விட்டுடுங்க” என்றார் சீனியர்.

“விட்டுக்கிட்டுதானே ஐயா வந்தேன். மொத கேசுல விட்டேன், ரெண்டாவது போட்டான். ரெண்டாவதுல விட்டேன், மூணாவது போட்டான். தோத்தா நமக்கு ஒண்ணும் போவாதுன்னா எவன்தான் கேசு போடமாட்டான்?”

சீனியர் மறுபேச்சு பேசவில்லை. டிக்கிரிகளைக் குமாஸ்தாவிடம் தள்ளினார்.

எங்கள் குமாஸ்தா சட்டம் படித்தவரில்லை, ஆனால் காலவரம்புச் சட்டம் அவருக்கு விரல் நுனியில். டிக்கிரியை நிறைவேற்றக் கேட்டு மனுப் போட 12 வருஷம் அவகாசம். 1981 டிக்கிரியின் தேதியைப் பார்த்து, “இதுக்கும் இன்னும் உசிரு இருக்கும்மா” என்றார். உயிர் இருந்ததே தவிர வளர்ச்சி இல்லை. செலவுத் தொகைக்கு 6 சதவீதம் வரை வட்டி போட 35-ஆவது பிரிவிலேயே ஒருகாலத்தில் இடம் இருந்தது. 1956-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். 1981-இல் கொடுக்க வேண்டியதைப் பதினொரு வருஷம் கழித்துக் கொடுத்தாலும் அதே தொகைதான். இழுத்தடிக்கிறவருக்கு இழுத்த வருஷமெல்லாம் ஆதாயம்.

மூன்று டிக்கிரி என்பதால் மூன்று நிறைவேற்று மனுக்கள். கோர்ட்டில் அதை ஈ.பி. என்றுதான் சொல்வார்கள். அது கட்டம் போட்ட படிவம். வழக்கு எண், தரப்பினர் பெயர், டிக்கிரி தேதி, அப்பீல் உண்டா, இதுவரை ஏதாவது வசூலானதா, வர வேண்டிய பாக்கி எவ்வளவு, யார்மீது என்று போய், கடைசிக் கட்டத்தில் கோர்ட்டிடமிருந்து எந்த வகையில் உதவி வேண்டும் என்று எழுத வேண்டும். பொருளை ஜப்தி செய்வதா, நிலத்தை ஏலம் விடுவதா, சம்பளத்தைப் பிடிப்பதா, ஆளைக் கைது செய்வதா? கோர்ட் தானாக எதுவும் செய்யாது. கடனாளியிடம் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று ஜெயித்தவர்தான் தேடிக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் வழக்காடுகிறவரின் கஷ்டம் டிக்கிரி வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1872-இலேயே சொல்லியிருக்கிறது. சீனியர் அதை அடிக்கடி சொல்வார், சொல்லிவிட்டு அந்தக் கடைசிக் கட்டத்தைத் தன் கையால் நிரப்புவார்.

இரண்டு வருஷத்துக்கு மேல் பழைய டிக்கிரி என்றால் எதிராளிக்கு முதலில் நோட்டீஸ் போக வேண்டும். பழைய இரண்டுக்கும் போயிற்று. அந்த மகன் வக்கீலோடு வந்து ஒரு ஆட்சேபணை எழுப்பினார். முதல் வழக்கின் தொகையில் நூறு ரூபாயை அப்போதே சித்தப்பா கையில் கொடுத்தாகிவிட்டது என்றார். ரசீது இல்லை, சாட்சியும் இல்லை. சித்தப்பாவும் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதே நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 21-இன் 2-ஆவது விதி இதில் கறாரானது. கோர்ட்டுக்கு வெளியே கைமாறிய பணம் கோர்ட் பதிவேட்டில் ஏறாவிட்டால், நிறைவேற்றும் கோர்ட் அதைக் கண்டுகொள்ளாது. நாங்கள் வாயைத் திறக்காமல் இருந்தாலே அந்த ஆட்சேபணை விழுந்துவிடும். சீனியர் அதைத்தான் பெரியம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

“நூறு ரூவா குடுத்தது நெசந்தான் ஐயா. அவங்க வாங்கியாந்து எங்கிட்டதான் குடுத்தாங்க.”

“சட்டப்படி நீங்க அதைச் சொல்லணும்னு இல்ல.”

“வாங்கினத வாங்கலேன்னு சொல்லிப்புட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மிச்சத்தக் கேப்பேன்?”

நூறு ரூபாய் வரவு என்று மெமோ எழுதி நான்தான் கையெழுத்து வாங்கினேன். பாக்கி 1,084 ஆனது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த மெமோவை இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

முதலில் அசையும் பொருள் ஜப்திக்குப் போனோம். ஆளையும் வீட்டையும் அடையாளம் காட்ட யாராவது கூடப் போக வேண்டும் என்பதால் நானும் குமாஸ்தாவும் டவுன் பஸ்ஸில் போனோம். அமீனா சைக்கிளில் வந்து சேர்ந்தார். சூரியன் உதிப்பதற்கு முன்பும் மறைந்த பின்பும் ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது சட்டம். அதனால் அமீனா வருவது எப்போதும் தெருவே பார்க்கும் நேரமாகத்தான் இருக்கும். அன்றைக்கும் திண்ணைக்குத் திண்ணை ஆள் இருந்தது. மகன் ஆபீஸ் போய்விட்டார், அவர் மனைவி வாசலில் நின்றார். டிவி எங்க அப்பா வாங்கிக் கொடுத்த சீர், இதோ அவர் பேரில் பில். பீரோவும் சீர். வாசலில் நின்ற ஸ்கூட்டரின் ஆர்.சி. புக் யாரோ ஒரு நண்பர் பேரில். மிச்சம் இருந்தவை கட்டில், மெத்தை, உடுதுணி, சமையல் பாத்திரம். அவற்றை 60-ஆவது பிரிவு தொடவிடாது. அமீனா திண்ணையில் உட்கார்ந்து, ஜப்தி செய்யத்தக்க பொருள் எதுவும் இல்லை என்று எழுதினார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: “நான் வாரண்டோட போற வீட்ல ஆம்பளைக்குன்னு எதுவுமே இருக்காதும்மா. எல்லாம் பொண்டாட்டி கொண்டாந்த சீருதான்.”

அந்த 60-ஆவது பிரிவைக் குறை சொல்லவே எனக்கு மனம் வராது. உழவுக் கருவி, உழவு மாடு, விதை நெல், கைத்தொழில் செய்கிறவரின் கருவிகள், விவசாயி குடியிருக்கும் வீடு, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை என்று எதையெல்லாம் விட்டுவைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுச் சொல்கிறது. கடன்பட்டவரும் நாளை காலை எழுந்து உலை வைக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்று நினைத்தவர்கள் எழுதிய சட்டம். அந்தத் தயவு தேவைப்படாதவரும் அதே நிழலில் வந்து ஒதுங்குவதுதான் சிக்கல்.

வழியைக் குமாஸ்தா சொன்னார். மாதச் சம்பளம் வாங்குகிறவர் எதையும் மனைவி பேரில் மாற்றலாம், சம்பளத்தை மாற்ற முடியாது. அன்றைய சட்டப்படி சம்பளத்தில் முதல் 400 ரூபாயையும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. அவருடைய சம்பளத்தில் கணக்கில் வரக்கூடியது 1,900 ரூபாய். 400 போக 1,500. அதில் மூன்றில் ஒன்று, அதாவது மாதம் 500 ரூபாய் பிடிக்கலாம். சம்பளம் பட்டுவாடா செய்யும் அதிகாரிக்குக் கோர்ட் உத்தரவு போகும். அதை மீறி முழுச் சம்பளத்தையும் கொடுத்தால் அந்தத் தொகைக்கு அரசே பதில் சொல்ல வேண்டும். ஆகவே எந்த அதிகாரியும் அந்தக் காகிதத்தை அலட்சியம் செய்ய மாட்டார்.

உத்தரவு ஆபீஸுக்குப் போனது. அங்கே யார் அதைப் படித்தார்கள், என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அடுத்த சம்பள நாள் வருவதற்குள் மகனின் அம்மா பெரியம்மா வீட்டுப் படியேறிவிட்டார். பெரியம்மாவே வந்து சொன்னார். ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள் நாம், பையனுக்கு ஆபீஸில் தலைகாட்ட முடியவில்லை, இந்தா முழுப் பணம், கையில் வாங்கிக்கொள் என்றிருக்கிறார். இவர், “கோர்ட்டுல கட்டச் சொல்லுங்க அக்கா. கையில வாங்குனது ஒருதரம் கோர்ட்டு வரைக்கும் வந்துடுச்சு” என்று சொல்லிக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

மறு வாரமே சலான் எடுத்துக் கட்டினார்கள், ஈ.பி. செலவையும் சேர்த்து. கோர்ட்டில் கட்டிய பணம் தானாகக் கைக்கு வராது. அதற்கு ஒரு செக் மனுப் போட வேண்டும். செக் வந்தபோது அதைப் போடப் பெரியம்மாவுக்குப் பேங்க் கணக்கு இல்லை. போட்டோ எடுத்து, கணக்குத் தொடங்கி, அறிமுகக் கையெழுத்தை நான் போட்டேன். மூன்று மனுக்களுக்கும் கைவிட்டுப் போன ஸ்டாம்ப், பேட்டா, பஸ் சார்ஜ் எல்லாம் கழித்தால் அவருக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். டிக்கிரி முழுதும் நிறைவேறியது என்று மூன்று மெமோ தாக்கல் செய்து கட்டை மூடினோம்.

அடுத்த வருஷம் வாய்க்கால் ஓரத்தில் திரும்பவும் தகராறு வந்தது. இந்த முறை சம்மன் வரவில்லை. அந்த மகன் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்கு வந்தார். சர்வேயரை வரவழைத்து அளந்து கல் நட்டார்கள், சர்வேயர் செலவு ஆளுக்குப் பாதி. மூன்று தீர்ப்புகள் செய்யாததை 1,084 ரூபாய் செய்தது. தோற்பதற்கு விலை உண்டு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இது பாதிக் கதைதான். மறு பாதியைச் சில வருஷங்கள் கழித்து, நான் தனியாக வக்காலத்துப் போட ஆரம்பித்த பிறகு பார்த்தேன். இப்போது நான் கடனாளியின் பக்கம். கொடிக்கால் வைத்திருந்த ஒரு பெரியவர், பக்கத்து மனைக்காரர் ஆக்கிரமித்துவிட்டார் என்று நம்பி ஒரே ஒரு வழக்குப் போட்டுத் தோற்றார். அப்பீலிலும் தோற்றார். இரண்டு கோர்ட் செலவும் சேர்ந்து 1,900 ரூபாய்க்கு மேல். ஜெயித்தவர் வசதியானவர். அவர் தன் ஈ.பி.யின் கடைசிக் கட்டத்தில் கைது என்று எழுதினார். அன்றைய சட்டப்படி ஆயிரம் ரூபாய்க்கு மேல் பாக்கி என்றால் மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம்.

ஆனால் அதற்கு முன் விசாரணை உண்டு. பணம் இருந்தும் கொடுக்க மறுக்கிறாரா என்பதுதான் அங்கே கேள்வி. 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கேரளத்திலிருந்து வந்த ஒரு பேங்க் வழக்கில் இதைத் தெளிவாக்கினார். கொடுக்கவில்லை என்பது மட்டும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பப் போதாது, கொடுக்க வழியிருந்தும் கெட்ட எண்ணத்தோடு ஏமாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஏழ்மையே குற்றமாகிவிடும். அந்தத் தீர்ப்பின் நகலோடுதான் நான் கோர்ட்டுக்குப் போனேன்.

“வெத்தலை வித்த காசெல்லாம் என்ன ஆச்சு?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டில் நின்றவரைக் கேட்டார்.

“போன ஐப்பசில தண்ணி தேங்கிக் கொடியெல்லாம் அழுவிப்போச்சுங்க. நட்ட கூலியே இன்னும் பாக்கி நிக்குதுங்க.”

அதை மறுக்க அவர்களிடம் ஆதாரம் இல்லை. கைது மனு தள்ளுபடியானது. தள்ளுபடியாகாமல் இருந்திருந்தாலும், சிறையில் இருப்பவரின் சாப்பாட்டுக்குப் படிப்பணம் கட்ட வேண்டியவர் அனுப்பி வைத்தவர்தான். அப்படிச் சிறையில் இருந்து வந்தாலும் கடன் தீராது. வராந்தாவில் பெரியவரே எதிர்த்தரப்பு வக்கீலிடம் போய், கொடி திரும்பத் தழைத்ததும் தருவதாகச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொடுக்கவும் செய்தார். ஒவ்வொரு தடவையும் கோர்ட்டில் மெமோ போட்டு வரவு வைத்தேன். முழுதும் தீருமுன் அவர் காலமாகிவிட்டார். இறந்தவரிடமிருந்து கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. ஜப்தி செய்யத்தக்க சொத்து எதுவும் வராததால் அந்த ஈ.பி. அங்கேயே முடிந்தது.

அதன்பிறகு சட்டத்தில் எண்கள் மாறின. 2002 முதல் சம்பளத்தில் தொடக் கூடாத முதல் பகுதி 1,000 ரூபாயாக உயர்ந்தது. 2,000 ரூபாய்க்கு உட்பட்ட பாக்கிக்குச் சிறை கிடையாது என்றானது. அந்தக் கொடிக்கால் பெரியவர்மீது இன்றைக்கு அப்படி ஒரு கைது மனுவைப் போடவே முடியாது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து சேலம் வழக்கறிஞர் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கின் 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பு செலவுத் தொகையைப் பற்றியும் பேசியது. பெயருக்கு ஒரு தொகை என்றில்லாமல் நியாயமாக ஆன அசல் செலவையே கொடுக்க வைக்க வேண்டும், ஜெயித்தவர் செலவிட்ட நேரம், போக்குவரத்து, தங்கிய செலவு வரை அதில் வரலாம் என்றது. பெரியம்மாவின் அட்டவணையில் இடம் பிடிக்காத பஸ் சார்ஜுக்கு நம் சேலத்துக்காரர்கள் போட்ட வழக்கில்தான் இடம் கிடைத்தது. தீர்ப்பில் கிடைத்ததே தவிர, கீழ்க் கோர்ட் அட்டவணைகளில் அதை நான் அதிகம் பார்த்ததில்லை. பொய் வழக்குப் போட்டவரிடமிருந்து 35-ஏ பிரிவின்படி வாங்கக்கூடிய நஷ்ட ஈட்டுக்கு 1976-இல் வைத்த 3,000 ரூபாய் உச்சவரம்பு சாதாரண சிவில் வழக்குகளில் இன்னும் அப்படியேதான் நிற்கிறது. அது மிகக் குறைவு என்று உச்ச நீதிமன்றமே சொல்லியும் நிற்கிறது.

நிறைவேற்று மனுவை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு நில வழக்கை ஒட்டி நாடு முழுக்கக் கணக்கெடுக்கச் சொன்னபோது, எட்டு லட்சத்துக்கு மேல் ஈ.பி.கள் தேங்கிக் கிடப்பது தெரிந்தது. மனுவே போடாமல் ‘போகட்டும்’ என்று விட்டவர்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இப்போதும் என் கட்சிக்காரர் ஜெயித்து, தீர்ப்பில் செலவுத் தொகையும் கிடைத்து, “அது எதுக்கும்மா, விட்டுடலாம், சொந்தக்காரங்க” என்று சொன்னால் உடனே சரி என்று சொல்வதில்லை. இரண்டு கேள்வி கேட்பேன். அவரால் கொடுக்க முடியுமா? அவர் திரும்பவும் வழக்குப் போடுகிற ஆளா? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், விட்டுவிடலாம் என்று நானே சொல்லிவிடுவேன். இரண்டுக்கும் ஆமாம் என்றால், டிக்கிரி நகலுக்கு அன்றைக்கே மனுப் போடச் சொல்வேன். சொந்தக்காரர் என்பதற்காக விட்டுக்கொடுத்த தொகை அடுத்த வழக்கின் வக்கீல் பீஸாக அவர்கள் கையாலேயே போவதை நிறையப் பார்த்துவிட்டேன்.